வெப்பத்துக்கு வரவு செலவு எழுதுவது எப்படி?

கடுகு வெடிக்கும் பக்குவத்தில் அடுப்பின் மேல் ஒரு தாளிப்புக் கரண்டி இருக்கிறது. அதில் 20 கிராம் எண்ணெய், 180 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காய்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளியலறையில் ஒரு வாளி நிறைய 15 லிட்டர் வெந்நீர், 40 டிகிரியில், இதமான சூட்டில் இருக்கிறது. இரண்டில் எது அதிகச் சூடு என்று கேட்டால் கரண்டி என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் 28 டிகிரி அறை வெப்பநிலையிலிருந்து இந்த நிலைக்குக் கொண்டுவர எதற்கு அதிக வெப்பம் செலவாயிற்று என்று கேட்டால் விடை தலைகீழாகிவிடும். எண்ணெய் வாங்கிக்கொண்டது ஏறத்தாழ 6,000 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). வாளி நீர் வாங்கிக்கொண்டது ஏறத்தாழ 7,50,000 ஜூல், அதாவது 120 மடங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்பதை நீங்களே போட்டுப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுசெல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பேச்சுத் தமிழில் 'சூடு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'காபி சூடாக இருக்கிறது' என்னும்போது நாம் வெப்பநிலையைச் சொல்கிறோம். 'அடுப்பின் சூடு பாத்திரத்துக்கு ஏறவில்லை' என்னும்போது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் ஆற்றலைச் சொல்கிறோம். இயற்பியலில் இவை வெவ்வேறு. வெப்பநிலை என்பது ஒரு பொருளின் நிலை. அதை வெப்பமானி காட்டும். வெப்பம் என்பது வெப்பநிலை வேறுபாட்டின் காரணமாக ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் ஆற்றல். அதைக் காட்டும் கருவி எதையும் பொருளுக்குள் செருகிவிட முடியாது, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் கலந்துவிடுவதிலிருந்தே வருகின்றன என்பது பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் நான் கண்டது.

இந்தப் பிரிவினை அறிவியலுக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக், 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். ஒரு பொருள் எவ்வளவு கனமானதோ அவ்வளவு வெப்பத்தை அது வாங்கும் என்பது அதற்கு முன் பலருக்கும் இருந்த எண்ணம். பாதரசம் அந்த எண்ணத்தை உடைத்தது. அது நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆனாலும் ஒரே கன அளவு நீரையும் பாதரசத்தையும் ஒரே அளவு சூடாக்கினால், நீருக்குச் செலவாகும் வெப்பத்தில் பாதிகூடப் பாதரசத்துக்குத் தேவைப்படாது. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் திறன் தனித்தனியே உண்டு என்ற முடிவு இங்கிருந்துதான் பிறந்தது.

வாய்பாடும் அலகுகளும்

ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பமே அப்பொருளின் தன் வெப்ப ஏற்புத்திறன். இலங்கைப் பாடநூல்கள் இதையே தன்வெப்பக் கொள்ளளவு என்கின்றன. நீருக்கு அது 4186 ஜூல். சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 2000, பனிக்கட்டிக்கு 2100, அலுமினியத்துக்கு 900, கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 880, இரும்புக்கு 450, செம்புக்கு 385, பாதரசத்துக்கு 140, ஈயத்துக்கு 128. அன்றாடம் நாம் கையாளும் பொருள்களில் நீர் எவ்வளவு உயரத்தில் தனித்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வாய்பாடு எளியது: வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம். வாளிக் கணக்கை இதில் போட்டால் 15 × 4186 × 12 = 7,53,480 ஜூல். எண்ணெய்க்கு 0.02 × 2000 × 152 = 6,080 ஜூல். எண்ணெயில் 20 கிராமை 0.02 கிலோவாக மாற்றியிருப்பதைப் பாருங்கள். கிராமை அப்படியே போட்டுவிட்டு ஆயிரம் மடங்கு தவறான விடையை அடிக்கோடிட்டு வைப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இன்னொரு பொறி, கெல்வின், அதாவது செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டிப் பெறும் வெப்பநிலை அளவு. வெப்பநிலையின் வேறுபாடு செல்சியஸிலும் கெல்வினிலும் ஒன்றேதான்; 12 டிகிரி வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டினால் கணக்கு பாழாகிவிடும்.

இந்த எண்கள் ஏன் இப்படி மாறுபடுகின்றன என்று கேட்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. செம்பின் 385-ஐ அதன் ஒரு மோல் நிறையான 63.5 கிராமோடு, அதாவது 0.0635 கிலோவோடு பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 24.4 ஜூல் வரும். (மோல் என்பது அணுக்களின் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை; எந்த உலோகத்துக்கும் அது ஒன்றேதான்.) இரும்புக்கு 25.1, அலுமினியத்துக்கு 24.3, ஈயத்துக்கு 26.5. எல்லாம் 25-ஐச் சுற்றியே நிற்கின்றன. 1819-இல் டூலோங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் கண்டறிந்து சொன்ன ஒழுங்கு இது. ஓர் அணுவுக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் உலோகங்கள் வெப்பத்தை வாங்குகின்றன. ஒரு கிலோ ஈயத்தில் அணுக்கள் குறைவு, ஒரு கிலோ அலுமினியத்தில் அதிகம். 128-க்கும் 900-க்கும் இடையிலுள்ள அந்தப் பெரிய இடைவெளிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கை வேறுபாடு மட்டுமே.

கெட்டிலைக் கொண்டு அளந்து பாருங்கள்

எண்களை நம்புவதைவிட ஒருமுறை அளப்பது நல்லது. மின் கெட்டில், சமையலறைத் தராசு, 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, கைப்பேசியிலுள்ள நிறுத்துக் கடிகாரம் ஆகியவை போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் அளவுகோல் 42 டிகிரியோடு முடிந்துவிடும், கண்ணாடிக் குழாயாக இருந்தால் உடைந்து பாதரசமும் சிந்தும்.

கெட்டிலின் அடியில் ஒட்டியுள்ள வில்லையில் வாட் அளவு இருக்கும்; 1500 என்று கொள்வோம். சரியாக ஒரு கிலோ நீரை நிறுத்து ஊற்றி, 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்வரை போக வேண்டாம். 90-ஐத் தாண்டினால் ஆவியாகப் போகும் நீர் தன் பங்குக்கு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். வெப்பமானியைப் படிப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, நீரை ஒருமுறை கலக்கிவிட வேண்டும். ஒரு வாட் என்பது வினாடிக்கு ஒரு ஜூல் என்பதால், வாட்டை வினாடியால் பெருக்கினால் கெட்டில் கொடுத்த ஆற்றல் கிடைக்கும்.

ஏட்டுக் கணக்கின்படி 4186 × 50 = 2,09,300 ஜூல்; 1500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 140 வினாடி. நான் செய்தபோது 158 வினாடி ஆயிற்று. அதை அப்படியே கணக்கில் போட்டால் நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4740 என்று வருகிறது. உண்மை மதிப்பைவிட 13 விழுக்காடு அதிகம். பலர் இந்த இடத்தில் 'சோதனைப் பிழை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், பாடமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வில்லையிலுள்ள 1500 வாட் என்பது 230 வோல்ட்டுக்கானது. என் வீட்டில் அன்று 220 வோல்ட்தான் இருந்தது. சூடேற்றும் கம்பியின் திறன் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், உண்மையில் கிடைத்தது ஏறத்தாழ 1372 வாட். ஆகவே செலவான ஆற்றல் ஏறத்தாழ 2,16,800 ஜூல். அதிலும் கெட்டிலின் எஃகு உடம்பு, ஏறத்தாழ 400 கிராம், தானும் 50 டிகிரி சூடேறியிருக்கிறது. எஃகுக்கு 500 என்று வைத்தால் அதற்கு 10,000 ஜூல் போயிற்று. மீதியை நீரின் கணக்கில் எழுதினால் 4137 வருகிறது. எஞ்சியிருக்கும் ஒரு விழுக்காட்டை ஒட்டிய வேறுபாடு, வெப்பமானியில் அரை டிகிரி தப்பாகப் படித்தாலே வந்துவிடக்கூடியது.

எடைக்கல்லும் குளிர்ந்த நீரும்

அடுத்தது கலவை முறை. இதன் அடிப்படை ஒரே ஒரு வரிதான்: வெளியே எதுவும் கசியாதவரை, சூடான பொருள் இழந்த வெப்பமும் குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பமும் சமம்.

மளிகைக் கடையில் பயன்படும் 500 கிராம் இரும்பு எடைக்கல்லை நூலில் கட்டி, கொதிக்கும் நீருக்குள் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். தெர்மாகோல் குவளையிலோ, சூடு தாங்கும் டப்பாவிலோ 500 கிராம் நீரை 28 டிகிரியில் எடுத்து வையுங்கள். கல்லைத் தூக்கி, ஒட்டியிருக்கும் நீரை ஒரே உதறாக உதறிவிட்டு, உடனே குளிர்ந்த நீருக்குள் இறக்கி மூடிக் கலக்குங்கள். வெப்பமானி ஏறி நிற்கும் உச்சத்தைக் குறியுங்கள்.

அது எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னால், பெரும்பாலானோர் 28-க்கும் 100-க்கும் நடுவே, 60-ஐ ஒட்டிச் சொல்வார்கள். கணக்கு சொல்வது வேறு. இறுதி வெப்பநிலை 35 என்று வைத்துச் சரிபாருங்கள்: இரும்பு இழந்தது 0.5 × 450 × 65 = 14,625 ஜூல்; நீர் பெற்றது 0.5 × 4186 × 7 = 14,651 ஜூல். இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒரே நிறையுள்ள இரண்டு பொருள்களில் ஒன்று 65 டிகிரி இறங்க, மற்றொன்று 7 டிகிரிதான் ஏறியிருக்கிறது.

இங்கே வெப்பநிலை மாற்றம் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி என்பதை மனத்தில் இருத்துங்கள். இரும்புக்கு 100 கழித்தல் 35. நீருக்கு 35 கழித்தல் 28. நூறிலிருந்து இருபத்தெட்டைக் கழித்து 72 என்ற ஒரே எண்ணை இருபக்கமும் போட்டவர் எந்த விடைக்கும் போய்ச் சேர முடியாது. உதறச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கல்லில் 5 கிராம் கொதிநீர் ஒட்டிக்கொண்டு வந்தாலே அது ஏறத்தாழ 1,360 ஜூலைக் கொண்டுவந்துவிடும். இரும்பு தரும் வெப்பத்தில் அது பத்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. பள்ளி ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்தபோது, செம்புக் கலோரிமீட்டர் தானும் சூடேறுகிறது என்பதை நான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். ஆசிரியர் என் பதிவேட்டில் 'பாத்திரத்துக்குப் பங்கு இல்லையா?' என்று சிவப்பு மையில் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

இதே சமன்பாட்டைக் குளியலறைக்கும் கொண்டுபோகலாம். 28 டிகிரியிலுள்ள 10 லிட்டர் நீரை 40 டிகிரியாக்க எத்தனை லிட்டர் கொதிநீர் வேண்டும்? குளிர்ந்த நீர் 12 டிகிரி ஏற வேண்டும், கொதிநீர் 60 டிகிரி இறங்க வேண்டும். ஆகவே 120-ஐ 60-ஆல் வகுக்க, 2 லிட்டர். இருபுறமும் நீரே என்பதால் 4186 அடிபட்டுப் போயிற்று.

வெப்பநிலை நகராத இடங்கள்

இதுவரை வந்த வாய்பாடு, பொருள் தன் நிலை மாறாத வரைதான் செல்லும். பனிக்கட்டி உருகும்போதும் நீர் ஆவியாகும்போதும் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெப்பமானி அசையாது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இலங்கையில் மறைவெப்பம் என்பார்கள். இதையும் அளந்து நிறுவியவர் அதே ஜோசப் பிளாக்தான். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 3,34,000 ஜூல். ஒரு கிலோ நீர் 100 டிகிரியில் ஆவியாக 22,57,000 ஜூல்.

இந்த எண்களின் பருமனை உணர, உறைவிப்பானிலிருந்து எடுத்த, 18 டிகிரி உறைநிலைக்குக் கீழேயுள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை இழப்பே இல்லாத 1500 வாட் அடுப்பில் வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சுழி டிகிரிக்கு வர 25 வினாடி. முழுதும் உருக 223 வினாடி. உருகிய நீர் கொதிநிலைக்கு வர 279 வினாடி. அது முழுதும் ஆவியாக 1505 வினாடி, அதாவது 25 நிமிடம். கொதி வந்த பிறகும் தீயைக் கூட்டிவைத்திருப்பவர்கள் நீரைச் சூடாக்கவில்லை, ஆவியாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பருப்பு அதனால் விரைந்து வெந்துவிடாது.

நீராவி பட்ட புண் கொதிநீர் பட்ட புண்ணைவிட ஏன் கொடியது என்பதற்கும் இதே கணக்குதான். ஒரு கிராம் கொதிநீர் 40 டிகிரிக்கு இறங்கும்போது தோலுக்குத் தருவது 251 ஜூல். ஒரு கிராம் நீராவி முதலில் நீராக மாறும்போதே 2,257 ஜூலைத் தந்துவிட்டு, அதன்பின் அந்த 251-ஐயும் தருகிறது. மொத்தத்தில் பத்து மடங்கு. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையை விலக்கி வைப்பதும், அந்த ஆவியே மாவில் படிந்து நீராகி இட்லியைச் சில நிமிடங்களில் வேகவைப்பதும் இந்த ஓர் எண்ணின் இரு முகங்கள்.

வெப்பம் எந்த வழியாகப் போகிறது

எவ்வளவு வெப்பம் என்பதற்கு இதுவரை கணக்குப் போட்டோம். எவ்வளவு வேகமாக என்பது வேறு கேள்வி. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று மூன்று வழிகளைப் பாடநூல் சொல்லும்.

கடத்தலில் பொருள் நகராமல் ஆற்றல் மட்டும் அணுவுக்கு அணு கைமாறுகிறது. ஒரு தகட்டின் வழியே வினாடிக்குப் போகும் வெப்பம், அதன் பரப்பும் இருபுற வெப்பநிலை வேறுபாடும் கூடினால் கூடும். தடிமன் கூடினால் குறையும். மீதியைப் பொருளின் கடத்துதிறன் முடிவு செய்யும். செம்புக்கு அந்தத் திறன் ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 237, எவர்சில்வருக்கு 15 மட்டுமே, மரத்துக்கு 0.1 முதல் 0.2 வரை, அசையாத காற்றுக்கு 0.025. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்பு பூசி விற்பதன் காரணம் இந்த 15-க்கும் 400-க்கும் உள்ள தூரம்: தீ படும் ஓரிடத்துச் சூட்டை அடிப்பகுதி முழுவதும் பரப்ப எவர்சில்வரால் இயலவில்லை. ஒரே அறையில் இரவு முழுதும் கிடந்த எஃகுக் கரண்டியும் மரக் கரண்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். எஃகு குளிர்ச்சியாகத் தோன்றுவது, அது நம் விரலிலிருந்து வெப்பத்தை விரைவாக உறிஞ்சுவதால்தான். நம் தோல் வெப்பநிலையை அளப்பதைவிட, வெப்பம் போகும் வேகத்தையே அதிகம் உணர்கிறது.

சலனத்தில் பொருளே நகர்கிறது. அடியில் சூடான நீர் விரிந்து இலேசாகி மேலே ஏற, மேலிருக்கும் நீர் கீழே இறங்குகிறது. இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்கள் அறிவார்கள். நீர்த்திருக்கும்வரை கூழ் தானாகவே சுழலும். இறுகத் தொடங்கியதும் சுழற்சி நின்று, அடியிலுள்ள அடுக்கு தான் வாங்கிய வெப்பத்தை மேலே தள்ள வழியின்றி 100 டிகிரியைத் தாண்டிக் கருகுகிறது. அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பவர், இயற்கை செய்ய முடியாமல் கைவிட்ட சலனத்தைக் கரண்டியால் செய்துகொண்டிருக்கிறார். காபியை டம்ளருக்கும் டவராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றும்போதும் நாம் கூட்டுவது இதைத்தான். அத்துடன் நீண்டு விழும் தாரையின் பரப்பிலிருந்து ஆவியாதலும் சேர்ந்துகொள்கிறது.

கதிர்வீச்சுக்கு இடையில் பொருளே தேவையில்லை. சூரிய வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து வருவது இவ்வாறே. கதிர்வீசும் அளவு, கெல்வினில் எடுத்த வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். வேறுபாட்டுக்குக் கெல்வினும் செல்சியஸும் ஒன்றே என்று மேலே சொன்னேன். இங்கே அந்தச் சலுகை கிடையாது, 273-ஐக் கூட்டியே ஆக வேண்டும்.

கடற்கரை ஊர்களில் பகலில் கடற்காற்று வீசுவதற்கு நீரின் உயர்ந்த தன் வெப்ப ஏற்புத்திறனை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்துவது வழக்கம். அது முழு விடையாகாது. மண்ணில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடலில் ஒளி ஆழத்துக்குள் இறங்குகிறது, அலைகள் நீரைக் கலக்குகின்றன, மேற்பரப்பு ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. பெருந்திரளான நீர் அந்த வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் கடல் மெல்லச் சூடேறுகிறது.

ஒரு முழுக் கணக்கு: மொட்டை மாடி

கோடையில் சூரியன் மறைந்த பின்னும் மேல்தள வீட்டில் புழுங்குவது ஏன் என்பதை இனி நீங்களே கணக்கிடலாம். 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2400 கிலோ என்பதால் அதன் நிறை 288 கிலோ. அது மாலை தொடங்கி விடியற்காலைக்குள் சராசரியாக 15 டிகிரி இறங்குகிறது என்று கொண்டால், வெளிவிடும் வெப்பம் 288 × 880 × 15, அதாவது ஏறத்தாழ 38,00,000 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36,00,000 ஜூல் என்பதோடு இதை ஒப்பிட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலான வெப்பத்தை இரவில் திருப்பித் தருகிறது என்று தெரியும். அதில் ஒரு பங்கு கதிர்வீச்சாகவும் காற்றின் வழியாகவும் மேலே போகிறது. மற்றொரு பங்கு தளத்தின் வழியே கடத்தலால் இறங்கி, கூரையின் அடிப்பக்கத்திலிருந்து கட்டிலில் படுத்திருப்பவர் மேல் கதிர்வீச்சாக விழுகிறது. மின்விசிறி அந்தக் கதிர்வீச்சைத் தடுக்காது.

மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பயன்படுமா என்றால், ஊற்றும் விதத்தைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றி, அது 10 டிகிரி சூடேறியபடி குழாய்வழியே வழிந்தோடிவிட்டால், கொண்டுபோவது ஏறத்தாழ 63,000 ஜூல்தான். அதே ஒன்றரை லிட்டர் அங்கேயே தங்கி முழுதும் ஆவியானால், அந்த வெப்பநிலையில் கிலோவுக்கு ஏறத்தாழ 24,00,000 ஜூல் என்ற கணக்கில், 36,00,000 ஜூலை எடுத்துக்கொண்டு போகும். தளம் இரவெல்லாம் வெளிவிடவிருந்த வெப்பத்துக்கு ஏறத்தாழ ஈடு. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் ஆவியாதல் மெதுவாக நடக்கும் என்பதால் பலன் அந்த அளவுக்கு இராது. எங்கானாலும், குடம் குடமாகக் கொட்டி வடியவிடுவதைவிட, பழைய சணல் சாக்குகளை நனைத்து விரித்து அவை காயக் காயத் தெளித்துக்கொண்டிருப்பதே மேல்.